மூன்று இட்டிலியின் விலை

கூட்டரசு நெடுஞ்சாலையின் இரைச்சல் இன்னும் முழுமையாக எழாத வைகறைப் பொழுது. சுங்கை வேயின் உட்புறத் தெரு ஒன்றில் ஒரு மளிகைக் கடையின் இரும்புக் கதவு பாதியளவு உயர்கிறது. உள்ளே அரிசி மூட்டைகளும் ஊதுவத்திக் கட்டுகளும் கருவாட்டுக் கூடையும் தத்தம் இடத்தில் அமைதியாக இருக்க, கல்லாப்பெட்டியை அடுத்த மேசையில் மட்டும் ஆவி எழுகின்றது. ஒரு பாத்திரத்தில் இட்டிலி, மற்றொன்றில் சாம்பார், பக்கத்தில் வாழையிலையில் மடித்த நாசி லெமாக் பொட்டலங்கள். “பசியாறியாச்சா, தம்பி?” என்னும் குரலோடு கடைக்காரரின் மனைவிக்கு நாள் தொடங்குகிறது. பல ஆண்டுகளாக அங்கே மூன்று இட்டிலி இரண்டு வெள்ளிதான்.

உழைப்பவரின் பசியை நெடுங்காலமாக அறிந்த ஊர் சுங்கை வே. 1948-இல் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்ட பின்னர் எழுந்த புதுக்கிராமங்களுள் அதுவும் ஒன்று. 1950-களில், எபிங்ஹாம் ரப்பர்த் தோட்டம் இருந்த நிலத்தில் பெட்டாலிங் ஜெயா நகரம் எழுந்தது. 1970-களில் சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்து, மின்னியல் தொழிற்சாலைகள் இரவும் பகலும் இயங்கத் தொடங்கின. பால்மரங்களை நம்பி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் பலர் இயந்திரங்களின் முன் வந்து நின்றனர். இரவு வேலை முடித்துத் திரும்புவோருக்கும் காலை வேலைக்கு விரைவோருக்கும் வேண்டியது ஒன்றே: வீட்டில் உண்டதுபோல் இருக்க வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது.

குடிபெயர்ந்தோர் வாழும் இடமெல்லாம் இத்தகைய மேசைகள் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், மெக்சிகோவிலிருந்து வந்தோர் நடத்தும் சிறு மளிகைக் கடைகளின் உள்ளே, சூடான சோள அடையில் இறைச்சியும் வெங்காயமும் வைத்து மடித்துத் தருவார்கள். அழகிய உணவகங்களில் கிடைக்காத தாய்நாட்டுச் சுவை அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் எங்கே, சுங்கை வே எங்கே! எனினும் அவ்விலைக் குறைவின் சூட்சுமம் இரண்டிடத்தும் ஒன்றே. மேசைக்கெனத் தனி வாடகை இல்லை. அரிசியும் உளுந்தும் கடையிலேயே உள்ளன. தோல் சற்றே சுருங்கியதால் விலைபோகாத கத்தரிக்காயும் முருங்கைக்காயும் அழுகிப்போகுமுன் சாம்பாரில் சேர்ந்துவிடுகின்றன. மிகையான வேலையாட்களும் இல்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. உணவகங்களில் அமர்ந்து உண்ணத் தடை ஏற்பட்டது. மளிகைக் கடைகள் திறந்திருக்க அனுமதி உண்டு; உணவைப் பொட்டலமாகக் கட்டித் தரவும் தடையில்லை. நாட்கூலி இழந்தவர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். அம்மையார் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, ‘555’ என்று அட்டையில் அச்சிட்ட சிறு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். அந்நோட்டுகளில் சில பக்கங்கள் இன்றுவரை அடிக்கப்படாமலேயே இருக்கின்றன. யாரையும் அவர் கேட்டதில்லை.

கணக்காளர் வேலை பார்க்கும் மகள் 2022-இல் ஒரு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாள். அப்பா கேட்டுக்கொண்டபடி மேசையின் வரவு செலவை எழுத உட்கார்ந்தாள். அரிசி, உளுந்து, தேங்காய், நெத்திலி, எரிவாயு என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் வரைந்தாள். மிஞ்சியது நாளொன்றுக்கு ஏறத்தாழ முப்பது வெள்ளி. “நட்டம் இல்லையே!” என்று மகிழ்ந்தார் தந்தை. மகள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, பத்து மணிவரை நிற்கும் அம்மாவின் கூலி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டாள்.

அவ்வாண்டு மே மாதத்தில்தான் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளியாக உயர்ந்திருந்தது. ஒரு மணி நேரத்திற்கு 7 வெள்ளி 21 காசு. ஆறு மணி நேரத்திற்கு 43 வெள்ளி 26 காசு. அக்கூலியைக் கட்டத்தில் எழுதியதும் இலாபம் மறைந்து, பதின்மூன்று வெள்ளிக்கு மேல் நட்டம் நின்றது. தந்தை நெடுநேரம் பேசவில்லை. “வீட்டு ஆளுக்குக் கூலி போட்டா பார்ப்பாங்க?” என்று இறுதியில் முணுமுணுத்தார். அம்மையார் வீங்கிய முழங்காலில் தைலம் தேய்த்தபடி, “விலையைக் கூட்டினால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?” என்றார்.

மலிவு என்பது வானத்திலிருந்து பொழிவதன்று. வாங்குபவர் கொடாத மிச்சத்தை வேறு யாரோ ஒருவர் கொடுத்துவிடுகிறார். கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பதனால் அது கணக்கிலிருந்து மறைந்துவிடலாமா?

மூன்று நாள் வாதத்துக்குப் பின் மூன்று இட்டிலியின் விலை இரண்டரை வெள்ளி ஆயிற்று. நாளுக்கு அறுபது பேர் உண்டால் முப்பது வெள்ளி கூடும். அதைக் கொண்டு வாரத்தில் மூன்று நாள் அண்டை வீட்டுப் பெண்ணொருத்தியைக் கூலிக்கு அமர்த்துவது என்று முடிவாயிற்று. ‘555’ நோட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

புதிய விலையின் முதல் நாள் கடைக்காரர் கல்லாவில் தலைநிமிராமல் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் பால்வெட்டி ஓய்ந்த முதியவர் ஒருவர் விலையைக் கேட்டுச் சற்றே நின்றார். பையைத் துழாவி இன்னொரு ஐம்பது காசை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ஏம்மா, இத்தனை வருசமா இந்த அம்பது காச யாரு கொடுத்துக்கிட்டு இருந்தா?”

அம்மையார் மறுமொழி கூறவில்லை. சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றினார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் அவர் பொழுது விடிந்த பிறகே எழுகிறார். அந்நாட்களில் இட்டிலி சற்றே கெட்டியாக இருக்கிறது என்று வழக்கமாக வருவோர் சொல்லிக்கொள்கிறார்கள். எனினும் ஒருவரும் வராமல் நின்றதில்லை.