முதல் சாலுரான்

எங்கள் மலேசியாவில் தேர்தல் தேதி அறிவித்ததும் அம்மா செய்கிற முதல் காரியம், பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைப்பது. கூடவே சாடின் டின், பால்மாவு, மெழுகுவத்தி. 2022 நவம்பரில் நான்தான் காரில் கூட்டிப்போனேன். கடையில் எங்களுக்கு முன்னால் நின்ற சீனப் பாட்டியின் தள்ளுவண்டியிலும் அதே அரிசி, அதே சாடின். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் பேசவில்லை.

*

1969 மே 10-இல் தேர்தல். ஆளும் கூட்டணிக்குத் தீபகற்பத்தில் பாதி வாக்குகூட விழவில்லை, ஆனாலும் ஆட்சி தப்பிப் பிழைத்தது. சிலாங்கூர் சட்டமன்றம் 14-க்கு 14 என்று நின்றது. எதிர்க்கட்சிகள் வெற்றி ஊர்வலம் போயின. பதிலுக்கு ஊர்வலம் போக 13-ஆம் தேதி மாலை கோலாலம்பூர் கம்போங் பாருவில் ஆளும் தரப்புக் கூட்டம் சேர்ந்தது. அது இனக்கலவரமாக வெடித்தது. அரசாங்கக் கணக்கில் செத்தவர்கள் 196 பேர், பெரும்பாலும் சீனர்கள். நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை.

அம்மாவுக்கு அப்போது பதினெட்டு வயது. செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸ். வேலைக்குப் போன தாத்தா இரண்டு நாள் கழித்துத்தான் வீடு வந்து சேர்ந்தார். ஊரடங்கில் மூன்றாம் நாளே அரிசிப் பானை காலி. "கஞ்சித்தண்ணிய தம்பிங்களுக்குக் குடுத்துட்டு நானும் ஆயாவும் பச்சத்தண்ணி குடிச்சோம்" என்பார். அம்மா அரிசி வாங்குவதை இன்றுவரை நான் தடுத்ததில்லை.

*

ஒரு தேர்தலில் தொண்டனாக வேலை பார்த்தேன். வாக்காளர் பட்டியலைக் கையில் கொடுத்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று குறித்து வரச் சொன்னார்கள். நமக்குப் போடுபவர் வெள்ளை, போடாதவர் கறுப்பு, தெரியாதவர் சாம்பல். 'சுலாஆன்' என்று இதற்குப் பெயர். வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். ஆனால் வெயில் ஏறியதும் பட்டியலில் இருந்த பெயரைப் பார்த்தே குறிக்க ஆரம்பித்துவிட்டோம். 'பின்', 'பிந்தி' என்றால் மலாய்க்காரர். 'ஏ/எல்', 'ஏ/பி' என்றால் நம்மவர். சரவாக்கிலிருந்து வந்து குடியேறிய ஒருவரின் கிறிஸ்துவப் பெயரில் மட்டும் பேனா நின்றது. அந்தக் கதவை மட்டும் தட்டினேன். அவர் உட்காரவைத்து, சாலையில் தேங்கும் தண்ணீரைப் பற்றி அரைமணி நேரம் சொன்னார். அந்தத் தெருவில் இருந்த எல்லோருக்கும் அந்தத் தண்ணீர்தான் பிரச்சினை. மற்ற யாரையும் நான் கேட்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

*

2008 வரை தேசிய முன்னணி என்ற ஒரே ஆளும் கூட்டணிக்குள் வேலை இப்படித்தான் நடந்தது. அதன் மலாய்க் கட்சியான அம்னோ கம்பம் என்கிற கிராமங்களில் போய், சீனர் மிகுந்த எதிர்க்கட்சியான ஜ.செ.க. வந்தால் மலாய்க்காரர் உரிமை போச்சு என்னும். அதன் சீனக் கட்சியான ம.சீ.ச. பட்டணத்தில் போய், எதிரணியின் இஸ்லாமியக் கட்சியான பாஸ் வந்தால் இஸ்லாமியச் சட்டம் வந்துவிடும் என்னும். இரண்டு பயத்தையும் கூட்டணியின் ஒரே தராசுச் சின்னம் வாங்கிக்கொண்டது. இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூடத் தேறமாட்டோம்; எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மை இல்லை. பிறர் வாக்கு இல்லாமல் நம் தலைவர்கள் ஜெயிக்கவே முடியாது. எனவே நம் குறையைப் பிறர் மனம் கோணாத அளவுக்கு மட்டும் பேசினார்கள்.

2007 அக்டோபர் 30. தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை. ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். நவம்பர் 25-இல் இந்து உரிமை இயக்கமான இண்ட்ராப் கூப்பிட்டதற்குக் கோலாலம்பூர் வீதிகளில் ஜனம் திரண்டது. கண்ணீர்ப்புகையும் ரசாயனத் தண்ணீரும் பட்டது. 2008 மார்ச் 8-இல் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியை வைத்திருந்த, முன்னணியின் இந்தியத் தலைவர் சாமிவேலு தோற்றார். அந்தப் பிரசாரக் காலத்துச் செராமா என்கிற அரசியல் கூட்டம் ஒன்றில் மலாய் இளைஞர்கள் தொண்டை கிழிய இண்ட்ராப்பின் முழக்கமான "மக்கள் சக்தி" என்று கத்தியதை நேரில் கேட்டேன். 'க்' சரியாக வரவில்லை அவர்களுக்கு. அதைவிட நல்ல தமிழ் உச்சரிப்பை நான் கேட்டதில்லை.

*

ஐந்தே வருடம். 2013-இல் தேசிய முன்னணிக்கு விழுந்த வாக்கு 47 சதவீதம். கிடைத்த இடம் 222-இல் 133. அன்றிரவே பிரதமர் நஜீப் 'சீன சுனாமி' என்றார். பட்டண மலாய்க்காரர்கள் போட்ட எதிர் வாக்குகள் அந்தப் பேச்சில் காணாமல் போயின. பாதிக்கும் குறைந்த வாக்கில் பாதிக்கும் மேல் இடம் கிடைத்தது தொகுதி எல்லையால். அந்தக் கோணல் இன்னும் நிமிரவில்லை: 2022-இல் பாங்கியில் வாக்காளர் 3 லட்சத்துக்கு மேல், சரவாக்கின் இகானில் 30 ஆயிரத்துக்கும் குறைவு.

*

2022 நவம்பர் 19 தேர்தலுக்குப் பிறகு யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அந்த நாட்களில் டிக்டாக்கில் மே 13-ஐ நினைவூட்டி மிரட்டும் வீடியோக்கள் ஓடின. போலீஸ் எச்சரித்தது. முதல்முறை ஓட்டுப் போட்ட பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கையில் அந்தத் தேதியை அப்படிக் கொடுத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

*

அந்த நவம்பர் 19, நாங்கள் வாக்களித்த நாள். எங்கள் நாட்டில் சாலுரான் என்கிற வாக்குச்சாவடி வரிசையை வயதுப்படி பிரிப்பார்கள். மூத்தவர்களுக்கு முதல் சாலுரான். பள்ளிக்கூட நாற்காலியில் அம்மா, ஒருபக்கம் மலாய்க் கிழவி, மறுபக்கம் சீனக் கிழவி. மூவருக்கும் 1969 நன்றாக நினைவிருக்கிற வயது. முட்டி வலிக்கு என்ன தைலம் தேய்ப்பது என்று மலாயில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் அம்மாவின் கைப்பையை மலாய்க் கிழவி வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.