தொண்ணூறு எங்கிருந்து வந்தது?

"ஹவுசிங்குக்குத் தொண்ணூறு ஆயில் ஊத்திருங்க. சத்தம் வந்தா நூத்திநாப்பது." திருப்பூர்ப் பட்டறைகளில் டிஃபரன்ஷியலுக்கான வைத்தியம் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். எங்கள் துணி வண்டியின் பின் அச்சில் ஊளைச் சத்தம் கேட்டபோதும் இதையேதான் சொன்னார்கள். தொண்ணூறு என்றால் எதன் அளவு என்று கேட்டேன். "டப்பாவுல அப்படித்தானுங்கண்ணா போட்டிருக்கு" என்றார் மெக்கானிக்.

இன்ஜினுக்கு 40, ஹவுசிங்குக்கு 90 என்றால் கியர் ஆயில் இரண்டு மடங்கு கெட்டி என்றுதான் யாருக்கும் தோன்றும். எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் அட்டவணைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 100 டிகிரி சூட்டில் 40-ஆம் எண் இன்ஜின் ஆயிலின் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை. 90-ஆம் எண் கியர் ஆயிலுக்கு 13.5 முதல் 18.5 வரை. ஏறக்குறைய ஒரே கெட்டிதான். இரண்டு ஏணிகள், படிகளுக்குத் தனித்தனி எண்கள்.

அந்த எண்ணின் வேர் பழைய அட்டவணைகளில் இருக்கிறது. சேபோல்ட் என்றொரு கருவி. 60 மில்லி ஆயில் அதன் சிறு துளை வழியாகக் குடுவைக்குள் இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். 210 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது தண்ணீர் கொதிப்பதற்குச் சற்றுக் கீழே, 75 முதல் 120 வினாடி எடுத்துக்கொண்டால் அது 90. 120 முதல் 200 வினாடி என்றால் 140. இரண்டு எண்களும் அவற்றுக்குரிய வினாடிகளுக்கு நடுவே விழுவதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

டப்பாவில் 80டபிள்யூ-90 என்று இருந்தால், முன்பாதி குளிருக்கானது. மைனஸ் 26 டிகிரியில் அந்த ஆயில் 1,50,000 சென்டிபாய்ஸைத் தாண்டக் கூடாது. ஒரு பின் அச்சை வைத்து நடத்திய சோதனைகளில், அதைவிடக் கெட்டியானபோது பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தின் பேரிங்குகள் போய்விட்டன. அங்கிருந்து வந்த எல்லை அது. 85டபிள்யூ என்றால் மைனஸ் 12. திருப்பூரில் அந்தக் குளிருக்கு வழியே இல்லை. நம் வெயிலுக்கும் சுமைக்கும் கணக்கு பின்னால் இருக்கும் எண்தான்.

சுமை ஏன் கெட்டியைக் கேட்கிறது? நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஊசிகளுக்கு விடும் ஆயில் பெரும்பாலும் வி.ஜி. 22, அதாவது 40 டிகிரியில் 22 சென்டிஸ்டோக். ஊசி படுவேகம், அழுத்தமோ குறைவு. அங்கே கெட்டி ஆயில் விட்டால் மெஷின் சூடாகும். ஹவுசிங்கில் நிலைமை தலைகீழ். பினியனின் ஓரிரு பற்கள் வண்டியின் முழு இழுவையையும் கிரௌன் என்ற பெரிய பல்சக்கரத்துக்குத் தள்ளுகின்றன. நீர்த்த ஆயிலின் படலம் அங்கே கிழிந்துவிடும்.

கெட்டி மட்டும் போதாது என்பது 1926-இல் அமெரிக்காவின் பேக்கார்ட் கார் ஹைபாய்டு பற்களுக்கு மாறியபின் தெரிந்தது. பினியனை மையத்துக்குக் கீழே இறக்கியதில் காரின் தரை தாழ்ந்தது. ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தேய்த்தன. அதைத் தாங்கக் கந்தகச் சேர்மங்கள் ஆயிலுக்குள் வந்தன. கியர் ஆயிலின் அந்த நெடிக்குக் காரணம் இதுதான். இன்றைய ஜி.எல்-5 என்ற கியர் ஆயில் தரம் அந்த வழியில் வந்தது. டப்பாவில் 90-ஐ மட்டும் பார்த்துவிட்டு ஜி.எல். எண்ணைப் பார்க்காமல் வாங்குவது பாதி வாங்கியதற்குச் சமம். அதே ஜி.எல்-5-ஐக் கேட்காமல் கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடக் கூடாது, சில ஜி.எல்-5 ஆயில்கள் அங்குள்ள பித்தளை வளையங்களை அரிக்கும்.

இந்த ஊரில் துணி ஓரிடத்தில் உட்காராது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங் என்று ஜாப் ஒர்க்குக்காக ஊர் முழுக்கச் சுற்றும். 2005-இல் டாடா ஏஸ் வந்த பிறகு அந்தச் சுமை பெரும்பாலும் சின்ன யானை என்று செல்லமாக அழைக்கப்படும் அதன் முதுகில்தான். ரோல்களை அடுக்கு அடுக்காக ஏற்றிக்கொண்டு நின்று நின்று போகும் அந்த வண்டிகளுக்கு ஆயில் விஷயத்தில் அலட்சியம் காட்டுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. தயாரிப்பாளரே 140 கேட்டால் தாராளமாக ஊற்றலாம். சத்தத்தை அமுக்க ஊற்றினால் தேய்மானம் உள்ளேயே நடந்துகொண்டிருக்கும். கெட்டி ஆயிலைக் கடைந்துகொண்டே போவதில் டீசலும் வீணாகும்.

எங்கள் வண்டியின் டிரெயின் பிளக்கைக் கழற்றச் சொன்னேன். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். இதில் பளபளவென்று இரும்புச் சில்லுகள் இருந்தன. பிரித்துப் பார்த்ததில் போயிருந்தது பினியன் பேரிங். அதை மாற்றி, பல் இடைவெளியைச் சரிசெய்து, வண்டிக் கையேட்டில் இருந்தபடி 80டபிள்யூ-90 ஜி.எல்-5 ஊற்றினார்கள். ஹவுசிங்கின் மேலுள்ள மூச்சுக்குழாயில் பஞ்சுத் தூசி அடைத்திருந்தது, அதையும் எடுத்தோம். அது அடைத்திருந்தால் சூட்டில் விரியும் காற்று ஆயிலை சீல் வழியாக வெளியே தள்ளிவிடும். அப்புறம் எந்த எண் ஊற்றியும் பயனில்லை.