சாட்சி சொல்ல ஒருவர் மிஞ்சினார்

ஜூன் 13 வந்தால் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி நினைவுக்கு வந்துவிடுகிறார். கனடாவின் வினிபெக் நகரத்துக்காரர். போலந்திலிருந்து குடியேறிய குடும்பம். இரண்டாம் உலகப்போரின்போது, 1944இல் அதே நாளில் பிரான்சின் கம்ப்ரே மீது குண்டுவீசப் போன லங்காஸ்டர் விமானத்தில் துப்பாக்கி வீரர். விமானம் தீப்பிடித்தது. குதிக்கப் போனவர், வால்பகுதியில் நண்பர் பேட் பிராஃபி சிக்கியிருப்பதைப் பார்த்துவிட்டார். தீக்குள் தவழ்ந்து போய்க் கோடரியால் நெம்பினார். பிறகு வெறுங்கையால் இழுத்தார். அசையவில்லை. போய்விடும்படி பிராஃபி கையசைக்க, எரியும் உடையோடு நிமிர்ந்து சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். தீக்காயத்தால் இறந்தபோது வயது 27.

விதியைப் பாருங்கள், தரையில் மோதிய விமானத்திலிருந்து தூக்கியெறியப்பட்ட பிராஃபி பிழைத்துக்கொண்டார்! அவர் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. 1946இல் மைனார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது.

அவர் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் அந்தப் போரில் மாண்டவர்கள் 55,573 பேர். சாட்சியில்லாமல் போன தியாகங்கள் எத்தனையோ! அவர்களுக்கும் சேர்த்தே இந்த வணக்கம்.