மலையேறும் பிக்கப்புகள்

தாப்பாவிலிருந்து தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனால், அந்த மலைச்சாலையின் வளைவுகள் பயணத்தை நீட்டிவிடும். கேமரன் மலைக்கு வருபவர்களின் கண் தேயிலைச் சரிவில் இருக்கும். ரிங்லெட் தாண்டினால் என் கண் பிக்கப்புகள் மேல்தான். முட்டைக்கோஸ், தக்காளிக் கூடை, உர மூட்டை எல்லாவற்றையும் சுமப்பவை அவைதாமே!

தோட்டம் வைத்திருக்கும் மாமா, பழைய ஹைலக்ஸ் ஒன்றை விலை பேசியிருந்தார். சேமிப்பில் பாதி அதற்கே போகும். வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

மெக்கானிக் தம்பி மீட்டரை நம்பவில்லை. "மலை வண்டிக்குக் கிலோமீட்டர் குறைவாத்தான் காட்டும், அண்ணே. சின்ன கியர்ல இஞ்சின் ஓடின நேரம்தான் அதிகம். டைமிங் பெல்ட் மாத்துன ரசீது இருக்கா?"

முந்தைய 2.5 லிட்டர் டீசல் ஹைலக்ஸில் இருப்பது ரப்பர் பெல்ட். 100,000 முதல் 150,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவது வழக்கம். நேரம் வந்ததும் டி-பெல்ட் விளக்கு எரியும். பெல்ட்டை மாற்றாமலேயே அந்த விளக்கை அணைத்துவிடவும் முடியும். புஸ்பாகோம் சோதனையிலும் இதைத் திறந்து பார்ப்பதில்லை. பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இஞ்சின் பாழாகும். சுமையோடு இறங்கும்போது அறுந்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக் இரண்டொரு மிதிக்குப் பிறகு இறுகிவிடும். அந்த வளைவுகளில் அது உயிர்ப் பிரச்சினை.

2016 முதல் இங்கு விற்கும் 2.4, 2.8 லிட்டர் வண்டிகளில் செயின். அதற்குக் கிலோமீட்டர் கணக்கு இல்லை. ஆனால் கவனிக்காமல் விடவும் முடியாது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. எண்ணெய் மாற்றாத வண்டியில் செயின் தளரும். இதைக் கண்டுபிடிக்க மலைக்குளிர் நல்ல துணை. விடியற்காலையில், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்காத இஞ்சினை முடுக்கிக் காது கொடுங்கள். முதல் சில வினாடிகள் 'கடகட'வென்றால் விலை பேசுமுன் யோசியுங்கள்.

விற்பவரிடம் ரசீது இல்லை. மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டார் மாமா. பெல்ட், டென்ஷனர், ஐட்லர் மூன்றும் ஒன்றாக மாறின. கழற்றிய பெல்ட்டின் பற்களுக்கிடையே மெல்லிய வெடிப்புகள்! தம்பி தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி மூடியில் ஒட்டினார். மறுநாள் முட்டைக்கோஸ் ஏற்றிய வண்டியில் மாமாவுடன் நானும் நிம்மதியாக இறங்கினேன்.