கண்டக்டரின் இதயம்

இந்தப் பக்கத்தைப் படிக்கும் முன், தையல் மெஷின் டிராயரில் கிடக்கும் இஞ்ச் டேப்பை எடுத்து வாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றிப் பிடியுங்கள். மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை எக்கக் கூடாது. யாரும் பார்க்கவில்லை.

ஆணாக இருந்து 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலும், பெண்ணாக இருந்து 80-ஐத் தாண்டினாலும் மேற்கொண்டு படியுங்கள். தாண்டாதவர்கள் வீட்டில் தாண்டிய ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

எடை மெஷினை விட இந்த டேப் நம்மவர்களுக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு புகைப்படம் இருக்கிறது. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. புனே டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்குப்படி இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்ம ஊர்க்காரருக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே குண்டு! நம் ஊரில் இப்படி நிறைய பேர் உண்டு. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை.

என் அக்கா வீட்டுக்காரர் அந்த ரகம். திண்டுக்கல்லில் பூட்டுக் கடை. காலை ஒன்பது மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு ஒன்பது வரை நாற்காலிதான். எடை 74 கிலோ. "நான் என்ன குண்டாவா இருக்கேன்?" என்பார். இடுப்பு 102 சென்டிமீட்டர். நாற்பத்தெட்டு வயதில் ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை உடனே தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தார். ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

கதை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. டாக்டர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்: நடக்க வேண்டும். வீட்டில் நடந்தது வேறு. தண்ணிச் செம்பைக்கூட அவர் எடுக்கக் கூடாது. மாடி ஏறக் கூடாது. நான் போய், "மாமா, அப்படியே தெருமுனை வரைக்கும் போய்ட்டு வருவமா?" என்றேன். அக்கா வாசலை மறித்துக்கொண்டாள்.

"டேய் தம்பி, உள்ள கம்பி வலை வெச்சிருக்காங்கடா. நடந்து அது நகந்துருச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

சிரிக்காதீர்கள். கேள்வியில் இருந்தது அறியாமை இல்லை, பயம். மாமாவும் பயந்துதான் போயிருந்தார். ராத்திரியில் தன் நெஞ்சில் தானே கை வைத்துப் பார்த்துக்கொள்வார். அடுத்த செக்கப்புக்கு அக்காவையும் கூட்டிப்போய் அதே கேள்வியை டாக்டரிடமே கேட்க வைத்தேன். ஸ்டென்ட் குழாய்ச் சுவரோடு அழுத்திப் பொருத்தப்படுவது, நாளடைவில் அதன் மேலேயே சவ்வு வளர்ந்து மூடிவிடும், நடந்தால் நகராது என்றார் அவர். "நடக்காமப் போனாத்தாம்மா கஷ்டம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அக்காவின் பயம் ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே இருந்தது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே போட்டுவைப்பதுதான் அப்போதைய வைத்தியம். 1952-ல் அமெரிக்காவில் லெவைன், லோன் என்ற இரண்டு டாக்டர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்ததே பெரிய துணிச்சல். 1955-ல் ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவரைப் பார்த்த டாக்டர் பால் டட்லி ஒயிட், நடையையும் சைக்கிளையும் உலகத்துக்குச் சிபாரிசு செய்தவர். ஐசன்ஹோவர் தேறி, அடுத்த வருஷம் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

மாமா தேர்தலில் நிற்கவில்லை. தெருமுனைக்குப் போனார். முதல் வாரம் பத்து நிமிஷம். கூடவே அக்கா, கையில் மாத்திரை டப்பாவோடு. பிறகு இருபது நிமிஷம், நாற்பது நிமிஷம். மலைக்கோட்டை அடிவாரம் வரை போய் வர ஆரம்பித்தார்கள். எவ்வளவு வேகம் என்பதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பேச்சே வரவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு இறுக்கினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, குப்பென்று வேர்த்தாலோ உடனே நின்றுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாப்பாட்டில் அக்கா புரட்சி எதுவும் பண்ணவில்லை. சோற்றில் இரண்டு கரண்டி குறைந்து பொரியலில் இரண்டு கரண்டி ஏறியது. ராத்திரி புரோட்டா நின்றது. ஊறுகாயும் அப்பளமும் தட்டை விட்டு இறங்கின. பிரியாணி ஊரில் இருந்துகொண்டு பிரியாணியைத் துறக்கச் சொல்வது நடக்காத காரியம். ஆகவே மாதம் ஒரு முறை, ஒரு பிளேட், இரண்டு பேருக்கு. எட்டு மாதத்தில் எடை 67, இடுப்பு 93. டாக்டர் டிரெட்மில் டெஸ்ட் பார்த்துவிட்டு, "மலை ஏறணும்னா ஏறுங்க, மெதுவா" என்றார்.

சிறுமலைக்குப் போனோம். திண்டுக்கல்லிலிருந்து பஸ், பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. மேலே இறங்கி, தோட்டங்களுக்குப் போகும் மண்பாதையில் மூவரும் நடந்தோம். ஏற்றத்தில் மாமா பேச்சை நிறுத்தவில்லை. நல்ல அறிகுறி. பின்னால் மணிச் சத்தம். இரண்டு பக்கமும் வாழைத்தார் தொங்க ஒரு குதிரை எங்களைத் தாண்டியது. வண்டி போகாத தோட்டங்களிலிருந்து வாழையும் எலுமிச்சையும் பலாவும் ரோட்டுக்கு வருவது இப்படித்தான். குதிரையோடு வந்த பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னங்க, உடம்பு இளைக்கவா மலை ஏறுறீங்க?"

"ஆமாங்கய்யா. உங்களுக்குச் சுகர், பிரஷர் எதுவும் இல்லியா?" என்றார் மாமா.

"எனக்கு இல்ல. மவனுக்கு இருக்கு. அவன் லோடு வண்டி ஓட்டுறான்ல."

ஒரு வீட்டை வைத்து விஞ்ஞானம் பேசக் கூடாதுதான். ஆனால் இதே கணக்கை ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரை வைத்துப் போட்டு, 1953-ல் 'லான்செட்'டில் எழுதினார். அங்கே மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மேலும் கீழும் தினம் நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்குவார். ஒரே கம்பெனி, ஒரே பஸ். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் சாவு குறைவு.

'குண்டாக இருப்பவன் டிரைவர் வேலைக்குப் போயிருப்பான்' என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா? மாரிஸுக்கும் தோன்றியது. யூனிஃபார்ம் தைத்த கணக்கை எடுத்து, ஒவ்வொருவருடைய பேன்ட் இடுப்பளவையும் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெருசுதான். ஆனால் இடுப்பு வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் கண்டக்டர்களே தப்பித்தார்கள். அதாவது, எடை இறங்க நாளானாலும் ஏறிய படி வீண் போவதில்லை. மாரிஸ் 2009-ல் காலமானபோது வயது 99.

குதிரைக்காரப் பெரியவருக்கும் கண்டக்டருக்கும் ஒரு வசதி இருந்தது. பிழைப்பே அவர்களை நடக்க வைத்தது. நமக்கு அந்த நடை போய்விட்டது. கல்லா, கம்ப்யூட்டர், பைக், லிஃப்ட். போனதை நாமேதான் நாளில் எங்காவது செருகிக்கொள்ள வேண்டும். தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிற பலரை எனக்குத் தெரியும். நாள்கணக்கில் அசராமல் நடப்பார்கள். ஊர் திரும்பியதும் முக்குக் கடையில் பால் பாக்கெட் வாங்க பைக்கை எடுப்பார்கள். முருகன் அருள் இருக்கட்டும். இதயத்துக்கு வேண்டியது தினத் தவணை. வாரத்துக்கு 150 நிமிஷம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரை மணி நேரம். ஒரு சீரியலின் நேரம்தான்.

ஒரு கடைசி விஷயம். உங்கள் வீட்டில் நெஞ்சு வலி வந்து பிழைத்த ஒருவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு அறிவுரை சொல்லாதீர்கள், ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பார். டாக்டரிடம் எவ்வளவு நடக்கலாம் என்று கேட்டுக்கொண்டு, நாளைக் காலையில் நீங்களும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். தனியாக நடக்கத்தான் அவருக்குப் பயம். என் அக்காவின் இடுப்பும் ஆறு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது.