நடுவில் ஒரு தாள்

வினவினால் விடை சொல்ல வேண்டும் என்பது பெரியவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. மேசைக்கு அப்பால் அறிமுகமற்ற ஒருவர் அமர்ந்து, “வீட்டில் என்ன நடந்தது?” என்று கேட்டால் குழந்தை தலையைக் குனிந்துகொள்ளும், “தெரியாது” என்னும். அந்தச் சொல்லுக்குள் அச்சம் இருக்கலாம். அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிடுவோமோ என்னும் கலக்கம் இருக்கலாம். நடந்ததைச் சொல்வதற்குரிய சொல்லே அந்த வயதில் வாய்க்காமலும் இருக்கலாம்.

இந்த மௌனத்தை அருகிருந்து கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சமூகப்பணியாளர் கிளேர் பிரிட்டன். 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டன் முதலிய நகரங்களின் குழந்தைகள் பெயர்ச்சீட்டு கட்டப்பட்டு, இலட்சக்கணக்கில் ஊர்ப்புறங்களுக்கு இரயிலேற்றப்பட்டனர். முன்பின் அறியாத வீடுகளில் ஒட்டாமல் தவித்த பிள்ளைகள் சிலர் ஆக்ஸ்போர்டுஷயர் விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். அவர்களிடையே கிளேர் பணியாற்றினார். அவ்விடுதிகளுக்கு வந்துசென்ற குழந்தை மருத்துவர் டொனால்டு வினிகாட்டை 1951இல் மணந்தார்.

குழந்தைக்கும் பணியாளருக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்க வேண்டும் என்பது கிளேரின் பட்டறிவு. சேர்ந்து நடக்கலாம், காரில் போகலாம், படம் வரையலாம். இருவர் கண்களும் வேறொன்றின்மேல் இருக்கையில் குழந்தையின் நா தானே அவிழும். காய்கறி நறுக்கும் தாயின் அருகில் அமர்ந்து, கேளாமலே பள்ளிக்கூடத்துக் கதையைக் கொட்டும் பிள்ளையை அறியாத வீடு உண்டா?

வினிகாட் கையாண்ட கிறுக்கல் விளையாட்டும் இத்தகையதே. அவர் கண்ணை மூடிக்கொண்டு தாளில் ஒரு கோட்டை இழுப்பார். குழந்தை அதனை மீனாகவோ பாம்பாகவோ ஆக்கும். அடுத்துக் குழந்தை கிறுக்க, அவர் உருவாக்குவார். மருத்துவரும் விளையாடுகிறார், அவர் கோடும் கோணலாகத்தான் இருக்கிறது. தேர்வு எழுதும் அச்சம் அங்கே எழ வழியில்லை. சில தாள்கள் கழிந்தபின் கனவும் கவலையும் பேச்சில் வந்து சேரும்.

ஆயினும் விளையாட்டைக் கையில் எடுத்தவுடன் உண்மை வந்து நின்றுவிடும் என எண்ணுவது பேதைமை. பொம்மை வீட்டில் அப்பா பொம்மை நுழையும்போதெல்லாம் சிறுபொம்மையைக் கட்டிலுக்கு அடியில் ஒளிக்கிறாள் ஒரு சிறுமி. அது அவள் பட்ட துன்பமாகலாம். முன்னாள் மாலை ஆடிய கண்ணாமூச்சியும் ஆகலாம். “இங்கே என்ன நடக்கிறது?” என்று கேட்பவர் அவளுக்கு இடம் விடுகிறார். “அப்பா அடித்தாரா?” என்பவரோ விடையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1983இல் எழுந்த ஒரு மழலையர் பள்ளி வழக்கில் கைப்பொம்மைகள் தாராளமாகப் பயன்படுத்தப்பட்டன. எதிர்பார்த்த விடை வரும்வரை கேள்விகள் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டன; அது வந்ததும் பாராட்டு கிடைத்தது. ஏறத்தாழ ஏழாண்டுகள் இழுத்த வழக்கில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. குழந்தைகள் தாமே சொன்னது எது, பெரியவர்கள் ஊட்டியது எது எனப் பிரித்தறிய முடியாமற் போயிற்று. உண்மையிலேயே துன்புற்ற குழந்தை ஒன்று அங்கே இருந்திருந்தால், அதன் குரலும் அந்த இரைச்சலில் அமிழ்ந்திருக்கும்.

நம் நாட்டின் போக்சோ சட்டம் (2012), குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதியச் சொல்கிறது. அப்போது காவலர் சீருடையில் இருத்தல் ஆகாது என்கிறது. சீருடையைக் களைவது எளிது. அலுவலகக் கடிகாரத்தைப் பார்க்கும் அவசரத்தைக் களைவதற்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கு நாம் ஒதுக்கும் நேரமோ குறைவு.

சில நாள்களில் ஒன்றுமே நிகழாது. குழந்தை வண்ணக்குச்சியை எடுத்து ஒரு சூரியனை வரையும், அதற்குக் கண்ணும் மீசையும் வைத்துச் சிரிக்கும், எழுந்து போய்விடும். அன்றைய குறிப்பேட்டில் பணியாளர் எழுத வேண்டியது, சூரியன் வரைந்தாள், மீசை வைத்தாள், சிரித்தாள் என்பது மட்டுமே. அடுத்த வாரமும் தாளும் வண்ணக்குச்சிகளும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.