பூட்டு இலவசம், சாவியில்தான் சங்கதி

நம்மை மாதிரி ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு பீரோ எது தெரியுமா? மடிக்கணினிதான். ஊரில் பத்திரம், பட்டா, சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரு ட்ரங்குப் பெட்டியில், அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில் கிடக்கும். இங்கே குர்காவ்னில் பதினோரு மாத அக்ரிமெண்டில் குடியிருக்கிறவனுக்கு எல்லாமே ஸ்கேன்தான். வீட்டு ஓனருக்கு ஆதார், போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு மறுபடி ஆதார், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ், அப்பா அனுப்பிய வில்லங்கச் சான்று, பாஸ்போர்ட், ஃபார்ம் 16. எல்லாவற்றையும் 'முக்கியம்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்போம். திருடனுக்கு இதைவிட வசதியாக யாராலும் லேபிள் ஒட்டித் தர முடியாது.

"அதான் விண்டோஸுக்கு பாஸ்வேர்டு போட்டிருக்கேனே" என்பீர்கள். டிஸ்க் பூட்டப்படாமல் இருந்தால் அது வெறும் வாசல் கேட். டிஸ்க்கைக் கழற்றி வேறு பொட்டியில் மாட்டினாலோ, பென் டிரைவில் லினக்ஸ் போட்டு பூட் செய்தாலோ, உள்ளே இருக்கிற அத்தனையும் படிக்கலாம். சர்வீஸ் கடைப் பையனுக்கு அஞ்சு நிமிட வேலை.

"ஆதார் பி.டி.எஃப்-பிலேயே பாஸ்வேர்டு இருக்கே" என்பது அடுத்த சமாதானம். இ-ஆதாருக்கு பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறந்த வருடம். இ-பான் அட்டைக்கு பிறந்த தேதி. ஊருக்கே தெரிந்த விதி இது. அதே ஃபோல்டரில் இருக்கும் பாஸ்போர்ட் ஸ்கேனில் பெயர், பிறந்த தேதி இரண்டுமே இருக்கிறது. பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவியை ஆணியில் மாட்டியது மாதிரி.

ஆபீஸில் இந்தத் துறையில்தான் நமக்கு ஆணி புடுங்கும் வேலை. அதனால் தெரிந்தவர்கள் யாராவது அடிக்கடி கேட்பார்கள்: "சார், ஃபைலை எல்லாம் லாக் பண்ண எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?" என் பதில் ஒன்றுதான். வாங்காதீங்க.

காரணம் சொல்கிறேன். விளம்பரத்தில் 'ராணுவத் தரம்' என்று மிரட்டுவார்களே, அது பெரும்பாலும் ஏ.இ.எஸ். என்கிற குறியாக்க முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் உருவாக்கியதை, திறந்த போட்டியில் தேர்ந்தெடுத்து 2001-ல் அமெரிக்க அரசு தரமாக அறிவித்தது. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம், காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். இதற்கு முந்தைய டி.இ.எஸ். முறையில் சாவியின் நீளம் 56 பிட்தான். 1998-ல் அதற்கென்றே கட்டிய ஒரு இயந்திரம் 56 மணி நேரத்தில் உடைத்துவிட்டது. ஏ.இ.எஸ்-ஸில் 256 பிட் வரை உண்டு. அதை எல்லாச் சாவியும் போட்டுப் பார்த்துத் திறப்பது நடக்கிற காரியமில்லை. காசு வாங்கும் மென்பொருளிலும் இலவச மென்பொருளிலும் உள்ளே இருப்பது இதே பூட்டுதான்.

வீட்டுக்கு எது போதும்? தேவையைப் பொறுத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

1. பொட்டியே தொலைந்தால் என்ன செய்வது என்பதுதான் கவலை என்றால், முழு டிஸ்க்கையும் பூட்டுங்கள். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் கூடவே வருகிறது. ஹோம் பதிப்பில், கணினி அதற்கு ஏற்றதாக இருந்தால், செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கும். புதுக் கணினிகள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே அது ஆன் ஆகியிருக்கும். அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு. மதர்போர்டு மாற்றினால் கேட்கும், சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்னால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ். எதற்கும் தனியாகக் காசில்லை.

2. குறிப்பிட்ட ஃபோல்டரை மட்டும், பென் டிரைவிலும் எடுத்துப் போகிற மாதிரி பூட்ட வேண்டுமென்றால் வெராகிரிப்ட். 2014-ல் கைவிடப்பட்ட ட்ரூகிரிப்ட்டின் வாரிசு. மூன்று வகைக் கணினியிலும் ஓடும். ஒரு பெரிய கோப்பை உருவாக்கும், கடவுச்சொல் கொடுத்தால் அது தனி டிரைவ் போலத் திறக்கும்.

3. கிளவுடில் வைப்பவர்களுக்கு கிரிப்டோமேட்டர். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பூட்டித்தான் மேலே அனுப்பும். கணினிக்கு இலவசம்.

4. ஆடிட்டருக்கு நாலு கோப்பு அனுப்ப வேண்டுமா? 7-ஜிப் போதும். கோப்புப் பெயர்களையும் மறைக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். கடவுச்சொல்லை அதே மெயிலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள்.

பூட்டிய பிறகு பழைய பிரதிகளையும் தேடி அழிக்க வேண்டும். டவுன்லோட்ஸ், ரீசைக்கிள் பின், மெயிலின் சென்ட் ஐட்டம்ஸ், வாட்ஸ்அப் எல்லா இடத்திலும் நம் ஆதார் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, பூட்டைத் திறந்து வேலை செய்கிற நேரத்தில் உள்ளே வைரஸ் இருந்தால் இவை எதுவும் காப்பாற்றாது.

கடவுச்சொல்லுக்கு அகராதியைக் கண்ணை மூடிப் பிரித்து ஆறு சொல் எடுங்கள். சினிமாப் பாட்டும் வேண்டாம், குறளும் வேண்டாம், குலதெய்வம் பெயரும் வேண்டாம். 7776 சொற்கள் உள்ள பட்டியலில் குருட்டாம்போக்கில் ஆறு எடுத்தால் வரும் சாத்தியங்களே 24 இலக்க எண். அகராதியில் சொற்கள் இன்னும் அதிகம்.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. மீதியை எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு ஒரு சம்பவம்.

2021 மே மாதம், இரண்டாம் அலையில், இங்கே எங்களோடு பழகிய ஒரு தமிழ் நண்பர் போய்விட்டார். நாற்பத்து நாலு வயது. மூன்று மாதம் கழித்து அவர் மனைவி ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "அண்ணா, எல்லாம் இதுலதான் வச்சிருக்கேன்னு சொல்லுவாரு. திறந்து குடுங்கண்ணா." மாட்டிப் பார்த்தேன். இலவச மென்பொருள்தான். நேர்த்தியாகப் பூட்டியிருந்தார். கடவுச்சொல் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் எழுதி வைக்கிற நோட்டு, டைரி, பிள்ளைகள் பெயர், ஊர்ப் பெயர் என்று எங்களால் முடிந்ததெல்லாம் முயன்றோம். ம்ஹூம்.

வங்கி, இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாம் அலைந்து திரிந்து நகல் வாங்கியாயிற்று. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களுக்கு நகல் தர எந்த ஆபீஸும் இல்லை. "திறக்காதாண்ணா?" என்று அவர் கேட்டதற்கு, "திறக்காதும்மா" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. திருடனுக்கும் மனைவிக்கும் வித்தியாசம் பார்க்க அதற்குத் தெரியாது.

அன்றிலிருந்து என்னிடம் யார் மென்பொருள் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "உங்களைத் தவிர வீட்டில் யார் இதைத் திறப்பார்கள்?" அதற்குப் பதில் இல்லையென்றால் மென்பொருளைப் பற்றி அப்புறம் பேசலாம் என்பேன்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இது. கடவுச்சொல்லும் மீட்புச் சாவியும் பேனாவால் காகிதத்தில் எழுதி, ஒட்டிய கவரில் ஒன்று இங்கே வங்கி லாக்கரில், இன்னொன்று ஊரில் அம்மாவின் பீரோவில். அம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது, பத்திரமாக வைக்க வேண்டும் என்று தெரியும். அது போதும். பூட்டிய கோப்பு கெட்டுப்போனால் மொத்தமும் போய்விடும் என்பதால் இரண்டு டிஸ்க்கில் பிரதி. ஒன்று ஊரில் இருக்கும். பொங்கலுக்குப் போகும்போது புதுசைக் கொடுத்துவிட்டு பழசை எடுத்து வருவேன்.

அதைவிட முக்கியம் ஒத்திகை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தங்கமணி தானே திறக்க வேண்டும், நான் வாய் திறக்கக் கூடாது. கூடவே ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்: எந்த டிஸ்க், எந்த மென்பொருள், எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும். முதல் ஒத்திகையில், "ஏங்க, 'மவுண்ட்'னா என்ன அர்த்தம்? மனுஷங்களுக்குப் புரியற மாதிரி எழுதக் கூடாதா?" என்றார். 'திற' என்று மாற்றி எழுதினேன். அடுத்த முறை நாலே நிமிடத்தில் திறந்துவிட்டார்.

திறந்து, உள்ளே ஒரு சுற்று பார்த்துவிட்டு, "என் பி.எஃப். பேப்பர், அப்பா எனக்கு எழுதி வச்ச மனைப் பத்திரமெல்லாம் என் லேப்டாப்புல இருக்கு. அதை நீங்க திறந்து பழக வேண்டாமா?" என்று கேட்டார். அந்த வாரமே லாக்கர் கவரில் இரண்டாவது காகிதம் சேர்ந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மென்பொருளை இறக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்கு முன்னால், காபி குடித்துக்கொண்டே, யாரிடம் சாவி என்று வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.